மூன்றாம் எண் பீக்கரில் பாசிப்பருப்பு

பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு ‘இனிய நினைவுகள்’ என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். ஒரு பக்கம் எனக்குப் போதாது. இனியதும் என்னிடம் அதிகம் இல்லை. பிடித்தால் போடட்டும், பிடிக்காவிட்டால் இந்தத் தாளில் பஜ்ஜி எண்ணெய் ஒற்றிக்கொள்ளட்டும். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். கோணல் எழுத்துதான். ஆனால் இருபத்தாறு வருஷம் அந்த லேபில் நின்றவள். பெயருக்குப் பின்னால் நாலு பட்டம் எழுதிக்கொண்டு வந்தவர்களில் எத்தனை பேருக்கு அயோடின் புட்டியைத் திறக்கத் தெரியாது என்பதை நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப்போகிறார்கள்?

கேட்டு வந்தது, இப்போது என் வேலையில் இருக்கிற பெண். டிகிரி படித்தது. நல்ல பெண்தான், சுடிதாரில் ஒரு கறை கிடையாது. லேபில் வேலை செய்கிறவளுக்கு உடுப்பில் கறை இல்லையென்றால் அவள் என்ன வேலை செய்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அதுவே சொன்னது.

“இப்பல்லாம் ட்யூபே எடுக்கறதில்ல அஞ்சலம்மா. ஸ்மார்ட் போர்டுல தொட்டா கலரு தானா மாறுது.”

“தப்பா தொட்டா?”

“தப்பாவே வராதும்மா. எப்பத் தொட்டாலும் கரெக்டாதான் வரும்.”

எப்போது தொட்டாலும் சரியாகவே வருவது சோதனையா? அது சினிமா. டிக்கெட்டு வாங்கி உட்கார்ந்து பார்க்கலாம்.

நான் லேபுக்கு வருவதற்கு முன்னால் பீங்கான் பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் இருந்தேன். பொம்மையைக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்குவதும் கண் எழுதுவதும் வேலை. அங்கே சாம்பல் நிறத்தில் தடவுவது சூளையிலிருந்து நீலமாக வெளியே வரும். தடவும்போது இருக்கிற நிறத்தை நம்பினால் பிழைக்க முடியாது, வெளியே வருகிற நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். என் வூட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டர். அவர் போன பிறகு கருணை வேலை என்று அதே இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் நினைத்தது, பொம்பளை பெஞ்சைத் துடைப்பாள், டீ வாங்கி வருவாள் என்று. முதல் வருஷம் துடைத்தேன், வாங்கியும் வந்தேன். இரண்டாம் வருஷத்திலிருந்து என்னைக் கேட்காமல் அந்த அறையில் ஒரு புட்டி நகராது.

பெயர்கள் எனக்கு வாயில் நுழையாது. நிறங்களை வைத்துப் பிடித்துக்கொண்டேன். உயிருள்ள எதை எடுத்தாலும், அது இலையாகட்டும் எலும்பாகட்டும், உள்ளே நாலு வகைச் சரக்குதான் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. முதல் வகைக்குக் கார்போஹைட்ரேட் என்று பெயர். அதில் மாவும் சேர்த்தி, சர்க்கரையும் சேர்த்தி. மாவு இருந்தால் அயோடின் ஒரு சொட்டு விட்டதும் கருநீலமாகக் கறுத்துப்போகும். சர்க்கரை இருந்தால் பெனடிக்ட் என்கிற நீலத் தண்ணியை ஊற்றி, கொதிக்கிற தண்ணிக்குள் ட்யூபை நிறுத்தினால் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வரும். இரண்டாவது புரதம். சோடாக் காரமும் மயில்துத்தத் தண்ணியும் விட்டால் ஊதா. மூன்றாவது கொழுப்பு. அதற்கு மருந்தே வேண்டாம், காகிதத்தில் தேய்த்து ஜன்னலில் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும் கறை தெரியும். இதற்குப் போய் ஒரு வருஷம் பாடம் நடத்துகிறார்கள்.

நாலாவது, நூலேணி மாதிரி முறுக்கிப் போர்டில் வரைவார்களே, அது. அப்பன் ஆத்தா ஜாடை பிள்ளைக்கு வருவது அதனால்தானாம். அந்த நூலேணியை வரைந்த பதினைந்து வாத்தியார்களில் ஒருத்தர்கூட அதைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம் தற்காலிகமாக வந்த சின்ன டீச்சர் ஒருத்தி வாழைப்பழத்தை மசித்து, பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணியும் உப்பும் கலந்து, வடிகட்டி, அதன் மேல் ஐஸில் வைத்த ஸ்பிரிட்டை ஓரமாகச் சரித்தாள். வெள்ளையாக நூல் நூலாக மேலே மிதந்து வந்தது. சளி மாதிரி இருந்தது. “இதுதாங்கம்மா டி.என்.ஏ.” என்று குச்சியில் சுற்றி எடுத்துக் காட்டினாள். பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். ஜுவாலஜி சார் வாசல்படியில் நின்றபடியே, “சிலபஸ்ல இல்லாததெல்லாம் எதுக்கும்மா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வருஷம் அந்த டீச்சர் இல்லை.

வெள்ளைச் சர்க்கரைக் கதையும் ஒன்று உண்டு. குளுக்கோஸ் பாக்கெட் தீர்ந்துபோன சமயம் ஒரு கெமிஸ்ட்ரி மாஸ்டர், “சர்க்கரைன்னா சர்க்கரதானே, கேண்டீன்ல ஒரு கை அள்ளிட்டு வா” என்றார். அள்ளி வந்து கொடுத்தேன். நாற்பது பிள்ளைகள் ட்யூபைக் கொதிக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊற்றின நீலம் ஊற்றின மாதிரியே இருந்தது. டீயில் போடுகிற சர்க்கரைக்கு அந்தத் தண்ணி மசியாது, குளுக்கோஸ்தான் வேண்டும். எனக்கு அது முன்பே தெரியும். மாஸ்டர் அடுப்பைக் குறை சொன்னார், மருந்தைக் குறை சொன்னார், மருந்து அனுப்பிய கம்பெனியைக் குறை சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று ரசித்தேன். படித்தவர்கள் திண்டாடுவதைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு ருசி இருந்தது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

என் வேலை எப்படி என்று சொல்கிறேன். ட்யூபைச் சோடா உப்பில் ஊறவைத்து, பிரஷ் விட்டு, மூன்று தண்ணி அலசுவேன். அதோடு விடமாட்டேன். தண்ணி நிரப்பிக் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பேன். சுத்தமான ட்யூபில் தண்ணி ஒரே போர்வையாக வழுக்கிக்கொண்டு இறங்கும். எங்கேயாவது ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே அழுக்கு இருக்கிறது. மறுபடி சோடா. மாவுத் தண்ணி என்றால் மாவைப் பச்சைத் தண்ணியில் கரைத்து, கொதிக்கிற தண்ணியில் ஊற்றிக் கிண்டி, நன்றாக ஆறவைப்பேன். சூட்டோடு அயோடின் விட்டால் கறுப்பு தெரியாது. அது தெரியாமல் மருந்தைப் பழித்த மேதைகளும் உண்டு. புரதத்துக்கு முட்டை. மஞ்சளைத் தனியே எடுத்துவிட்டு, வெள்ளைக்கருவில் சிட்டிகை உப்பும் தண்ணியும் சேர்த்து நுரைக்காமல் கலக்கி, துணியில் வடிகட்டுவேன். உப்பு போடாவிட்டால் கலங்கிப்போகும். அடுப்பில் காட்டக்கூடாது, காட்டினால் வெந்துவிடும்.

எல்லாம் தயாரானதும் பீங்கான் குழித்தட்டை எடுப்பேன். பணியாரக் கல் மாதிரி குழிகுழியாக இருக்கும் வெள்ளைத் தட்டு. ஒவ்வொரு பீக்கரிலிருந்தும் ஒரு சொட்டு, ஒவ்வொன்றிலும் மருந்து ஒரு சொட்டு. எது வர வேண்டுமோ அது வருகிறதா, எது வரக்கூடாதோ அது வராமல் இருக்கிறதா? பார்த்த பிறகுதான் பீக்கர் மேஜைக்குப் போகும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பரீட்சை நாளில் பீக்கரில் தப்பு வந்தால் பழி யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும், அதனால் பழகிக்கொண்டேன்.

இனி ஜுவாலஜி சார். அவரோடு பதினோரு வருஷம். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. சாக்பீஸைக் கைக்குட்டையால் பிடித்துத்தான் எழுதுவார், விரலில் மாவு படக்கூடாது. பதினோரு வருஷத்தில் அவர் ஒரு ட்யூபைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. மேஜைக்கு நாலடி தள்ளி நின்று, “ஊத்து, ஊத்து, போதும், ம்… ஊதா” என்பார். ஊதா வருவதற்கு முன்னாலேயே ஊதா என்பார். ஆனால் பரீட்சைக்கு விடைத்தாள் ஒன்று தயார் செய்வார் பாருங்கள், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று மையில், அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, கல்யாணப் பத்திரிகை கெட்டது. அதற்குப் பெயர் ‘கீ’. எந்த எண்ணில் என்ன சரக்கு, எது உண்டு, எது இல்லை என்று அதில் இருக்கும். அந்தக் கீ வெளித்தேர்வாளர் கைக்குப் போவதற்கு முன்னால், முந்தின நாள் சாயங்காலமே, பிள்ளைகள் போனுக்குப் போய்விடும். யார் அனுப்பினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். என்னிடம் அப்போது அந்த மாதிரி போனே கிடையாது. எங்கள் பள்ளிக்கூடம் மட்டும் என்றில்லை, சுற்றுவட்டாரத்தில் அது வழக்கம். பிள்ளைகள் வந்து ட்யூபை ஆட்டிவிட்டு, மனப்பாடம் செய்ததை எழுதிவிட்டுப் போவார்கள்.

நான் ரிட்டையர் ஆவதற்கு நாலு வருஷம் முன்னால் பிராக்டிகல் பரீட்சை மாசி மகத் திருவிழாவோடு சேர்ந்து வந்தது. கோயிலில் கொடி ஏறிவிட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் கவுச்சி தொடமாட்டார்கள். சார் தெருவுக்கு அந்த வருஷம் ஒரு நாள் உபயம், அவர் காப்பு வேறு கட்டியிருந்தார். பரீட்சைக்கு முந்தின நாள் முட்டை வாங்கிவரக் கிளம்பின என்னை நிறுத்தினார்.

“முட்டையெல்லாம் வேணாம் அஞ்சலை. கொடி ஏறியாச்சு. கையில காப்பு இருக்குது. அந்த நாத்தத்துல நான் எப்படி ஒக்கார்றது?”

“நான் ஒடைக்கறன் சார். நீங்க வராந்தாவுல நில்லுங்க. வடிகட்டி மூடி வச்சிட்டா வாசனையே வராது.”

“பருப்பு வையி. புரோட்டீன் எதுல இருக்குது? பருப்புல. ஆறாவது படிக்கிற புள்ள சொல்லும்.”

“பருப்புல மாவும் இருக்குது சார்.”

“உனக்கு யாரு சொன்னது?”

“தட்டு சொல்லுச்சு சார்.”

அவருக்கு அது பெரிய சிரிப்பு. பக்கத்து அறையிலிருந்த பாட்டனி டீச்சரைக் கூப்பிட்டு, “கேட்டீங்களா, அஞ்சலைகிட்ட தட்டு பேசுதாம்!” என்றார். அவளும் சிரித்தாள். சாமி எனக்கும்தான் சாமி. நானும் கொடியேறினால் மீன் வாங்குவதில்லை. ஆனால் பரீட்சைக்கு வைக்கிற முட்டையைப் பார்த்துக் கோபித்துக்கொள்கிற சாமியை நான் கும்பிடவில்லை.

ஒரு பொருளுக்குள் ஒன்றுதான் இருக்கும் என்று நினைப்பது, புத்தகத்தில் போட்டிருக்கிற படத்தை மட்டும் பார்த்தவர்கள் நினைப்பு. படத்தில் அரிசிக்கு நேரே மாவு, பருப்புக்கு நேரே புரதம், எண்ணெய்க்கு நேரே கொழுப்பு என்று போட்டிருக்கும். உயிருள்ள சரக்கு எதுவும் அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. பருப்பில் புரதம் நிறைய, மாவு அதைவிட நிறைய. வெள்ளைக்கரு மாதிரி அநேகமாகப் புரதம் மட்டும் இருக்கிறது அபூர்வம். அதனால்தானே முட்டை கேட்பது.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். பாசிப்பருப்பை ஊறவைத்து, அரைத்து, இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டினேன். காலையில் குழித்தட்டில் சொட்டு வைத்தேன். வெளிறின ஊதா வந்தது. பக்கத்துக் குழியில் அயோடின் விட்டேன். கறுத்தது. போய் இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். கீயைத் திருத்துங்கள், மாவும் உண்டு என்று எழுதுங்கள் என்றால் ஒரு கோடு அடிக்கிற வேலைதான். நான் போகவில்லை. தட்டு பேசுதாம் என்று சிரித்தார்களே, வெளியூரிலிருந்து வருகிறவர் முன்னால் அந்தத் தட்டு பேசட்டும் என்று விட்டேன். மூன்று என்று எண் ஒட்டி, பருப்புத் தண்ணியை மேஜையில் வைத்தேன்.

காலை பேட்ச்சில் தட்டு பேசவில்லை. மூன்றாம் எண் சீட்டு எடுத்த அத்தனை பேரும் ‘புரதம் உண்டு, மற்றவை இல்லை’ என்று எழுதிக்கொடுத்தார்கள். ஒருத்தனும் அயோடின் புட்டியை நகர்த்தக்கூட இல்லை. வெளித்தேர்வாளர் கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மேடம். கீயைப் பக்கத்தில் வைத்து டிக், டிக் என்று போட்டுக்கொண்டே போனார். சார் முகத்தில் உபயக்காரர் களை.

மதிய பேட்ச்சில்தான் கோமதி வந்தாள். நல்லூர்ப் பக்கத்துக் கிராமம். ஒல்லிப் பெண், பேசவே பேசாது. நர்சிங்குக்குப் போக வேண்டும், பிராக்டிகல் மார்க் முழுசாக வந்தால்தான் எட்டும் என்று டீச்சர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தது. அவளுக்கு மூன்றாம் எண் விழுந்தது. அந்த மேஜை நான் நிற்கிற தொட்டிக்குப் பக்கம்.

ஊதா பார்த்தாள், எழுதினாள். பெனடிக்டில் கொதிக்க வைத்துப் பார்த்தாள், எழுதினாள். காகிதத்தில் தேய்த்துப் பார்த்தாள். அயோடின் விட்டாள். ட்யூப் கறுத்தது. அவள் முகமும் கறுத்தது. ட்யூபைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி செய்தாள். மறுபடி கறுப்பு. என்னிடம் வந்தாள்.

“அம்மா, இந்த ட்யூபு சுத்தம்தானுங்களா?”

அந்த இடத்தில் நான் கண்ணைக் காட்டியிருந்தால் போதும். ‘பார்த்ததை எழுதுடி’ என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு ரோஷம்தான் வந்தது.

“ஏண்டி, என் ட்யூபுல அழுக்குன்னு இந்த ஊருல எவளும் சொன்னதில்ல. போயி ஒன் வேலையப் பாரு.”

போனாள். புது ட்யூப் எடுத்து மூன்றாம் தரம் செய்தாள். அயோடின் மேஜையில் இரண்டு சொட்டு விழுந்தது. நான் அதைத் துடைத்தேன். பிறகு அவள் ‘புரதம் உண்டு, மாவு உண்டு’ என்று எழுதி, தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மேடம் பேனாவை நிறுத்தினார். “என்னம்மா, மாவு உண்டுன்னு எழுதியிருக்க?”

“கறுத்துச்சுங்க மேடம்.”

“புரதத்துல எப்படிக் கறுக்கும்?”

“தெரியலைங்க. மூணு தடவ பண்ணன். மூணு தடவையும் கறுத்துச்சு.”

சார் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். என்னைப் பார்க்காமல் சொன்னார். “ட்யூபு சரியா கழுவாம இருந்திருக்கும் மேடம். அதுக்கு முன்னாடி மாவு போட்ட ட்யூபா இருக்கும்.”

மேடம் நல்ல மனசுக்காரர்தான். “சரி, பாவம். ‘உண்டு’ங்கறத அடிச்சிட்டு ‘இல்லை’ன்னு எழுதும்மா. முழு மார்க் போட்டுடறன்” என்று தாளை அவளிடமே தள்ளினார்.

கோமதி பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். எழுதவில்லை.

“அட, மேடமே மார்க்கு தர்றன்னு சொல்றாங்க, அப்பறம் என்னா? எழுது, நேரமாவுது” என்றார் சார்.

“கறுத்துச்சு சார்” என்றாள். அழுதுவிடுவாள் போல இருந்தது, ஆனாலும் கை தாளைத் தொடவில்லை.

அந்தப் பெண்ணுக்காக நான் முன்னால் போனேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். நான் போனது அவளுக்காக அல்ல. ‘ட்யூபு சரியா கழுவாம’ என்ற வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. குழித்தட்டை மேடம் மேஜையில் வைத்தேன். மூன்றாம் எண் பீக்கரிலிருந்து நேராக ஒரு சொட்டு, அயோடின் ஒரு சொட்டு. வெள்ளைப் பீங்கானில் மை கொட்டின மாதிரி ஆனது.

“ட்யூபே இல்ல பாருங்க மேடம். இப்ப யாரு கழுவல?”

மேடம் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதுல என்ன வச்சிருக்கீங்க?”

“பாசிப்பருப்பு.”

“கீல முட்டை வெள்ளைக்கருன்னு இருக்குதே?”

சார் எழுந்துவிட்டார். வாயிலிருந்த கிராம்பைத் துப்பவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல், “அஞ்சலை கவனக்குறைவா மாத்தி வச்சிட்டாங்க மேடம். வயசாயிடுச்சு இல்லீங்களா…” என்றார்.

பதினோரு வருஷத்தில் அவர் அவ்வளவு வேகமாக எதற்கும் விடை சொன்னதில்லை.

மேடத்துக்கு அடுத்த கணக்கு ஓடியது. மூன்றாம் எண் எடுத்த மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டார். அஞ்சு பேர் வந்து வரிசையாக நின்றார்கள். “இது கறுக்குது. நீங்க எல்லாரும் மாவு இல்லைன்னு எழுதியிருக்கீங்க. எப்படி?”

ஒருத்தன் துணிந்து, “எங்களுக்கு வரல மேடம்” என்றான்.

எப்படி வரும்? அவன் ட்யூப் நனைந்திருந்தால்தானே!

மேடத்துக்குப் புரியாமல் இல்லை. ஆனால் காலை பேட்ச்சும் சேர்த்து அத்தனை பேரையும் தப்பு என்றால், யார் யாருக்குப் பதில் சொல்வது? மேடமும் சாரும் ஓரமாகப் போய்ப் பேசினார்கள். திரும்பி வந்து, மூன்றாம் எண் எடுத்த எல்லாருக்கும் அந்தக் கேள்விக்கு முழு மார்க் என்று முடிவு சொன்னார்கள். மூன்று தரம் செய்தவளுக்கும் ட்யூபே நனைக்காதவனுக்கும் ஒரே மார்க். அந்தப் பையன்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். கோமதி ரெகார்டு நோட்டில் கையெழுத்து வாங்க அங்கேயே நின்றாள்.

“எனக்கு எழுத்துல வேணும். மூணாம் நம்பர்ல என்ன இருந்துச்சு, யார் வச்சாங்க, எப்படின்னு ஒரு விளக்கம்” என்றார் மேடம்.

சார் ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தார். குரல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. “நான் சொல்றன், எழுதும்மா அஞ்சலை. ‘கவனக்குறைவால் பாசிப்பருப்புக் கரைசலை வைத்துவிட்டேன்.’ அவ்ளோதான். ஒண்ணும் ஆவாது. நான் பாத்துக்கறன்.”

“கவனக்குறைவு எனக்குக் கெடையாது சார்.”

“அட, ஒரு வார்த்தைதானம்மா.”

“ஒங்களுக்கு ஒரு வார்த்தை. இருவத்திரண்டு வருஷமா எனக்கு அதுதான் சார் வேலை.”

பேனாவை வாங்கி நானே எழுதினேன். யாரோ சொல்லச் சொல்ல எழுதாமல் நானாக எழுதிய முதல் காகிதம் அது. மூன்று வரி. ‘முட்டை வேண்டாம் பருப்பு வை என்று சார் சொன்னார். வைத்தேன். அதில் மாவு இருப்பது தட்டில் பார்த்து எனக்குக் காலையிலேயே தெரியும்.’ கீழே அஞ்சலை என்று கையெழுத்துப் போட்டேன். எனக்கு அப்போது இருந்த பெருமையை என்னவென்று சொல்வது? கவனக்குறைவு என்ற சொல் என்மேல் ஒட்டவில்லை, பழியும் உரிய இடத்தில் போய் உட்கார்ந்தது, என் தட்டும் ஜெயித்தது.

மேடம் அந்தக் கோணல் எழுத்தை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். மூன்றாவது வரியில் நிறுத்தி, “காலையிலயே தெரியுமா?” என்றார்.

“தெரியுங்க. நான் பாக்காம வைக்கறதில்ல.”

மேடம் தாளை மடித்து உறையில் வைத்தார். கோமதி நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பிற்பாடு எனக்கு ஒரு மெமோ வந்தது, சாருக்கும் ஒன்று வந்தது. அவர் வேறு பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் என்னோடு பேசவில்லை. எனக்கு அதனால் தூக்கம் கெடவில்லை. அவர் பேசினபோதும் நான் தெரிந்துகொண்டது ஒன்றும் இல்லை.

அன்றைக்குப் பரீட்சை முடிந்து நான் தொட்டியில் ட்யூப்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கோமதி பையை மாட்டிக்கொண்டு போனவள், திரும்பி வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். எத்தனை பேரிடம் சிரித்துக்கொண்டு, ‘போயிட்டு வா தாயி’ என்று சொல்லியிருக்கிறேன், அதையே சொல்லத் தயாராக நிமிர்ந்தேன்.

“அந்தக் கீ லிஸ்ட்டு நேத்தே எனக்கும் வந்துச்சும்மா” என்றாள். “புரதம் மட்டும்தான்னு எனக்கும் தெரியும். அதனாலதான் மறுபடி மறுபடி பண்ணிப் பாத்தன். எனக்குத்தான் கை சரியா வரல, நர்சிங்லாம் எனக்கு எதுக்குன்னு நெனைச்சிட்டன்.”

நான் குழாயை மூடினேன்.

“நீங்க இங்கயேதான நின்னீங்க. மூணு தடவையும் பாத்துக்கிட்டுதான நின்னீங்க.”

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், எனக்கு அது வரும். அவள் கேட்டுவிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் நின்று பார்த்தாள். சார் என்னைப் பார்த்துச் சிரித்தபோது எனக்கு வாய் இருந்தது, மேடம் கேட்டபோதும் இருந்தது. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. கையில் ட்யூபோடு நின்றேன். அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். அதற்கப்புறம் அவளை நான் பார்க்கவில்லை. நர்சிங் கிடைத்ததா என்றும் தெரியாது. விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

மறுநாள் இன்னும் இரண்டு பேட்ச் இருந்தது. காலையில் முட்டை வாங்கிவந்து உடைத்தேன். சார் வராந்தாவில் நின்றார், வேண்டாம் என்று சொல்லவில்லை. உப்புப் போட்டு, கலக்கி, வடிகட்டி, குழித்தட்டில் வைத்தேன். அயோடின் கறுக்கவில்லை. ஊதா நன்றாக வந்தது. அன்றைக்கு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் முந்தின நாளே கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.